படிப்புக் குறைந்தால் பார்ப்பது கூடுமா?

“படித்த பெண்கள் செய்தி பார்ப்பார்கள், படிக்காத பெண்கள் சீரியல் பார்ப்பார்கள்.” இப்படி ஓர் அபிப்பிராயம் நம்மிடையே வெகுநாளாக உலவி வருகிறது. பட்டிமன்ற மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். திண்ணைப் பேச்சில் சொன்னால் மறுப்பவர் இல்லை. பெண்களில் சிலரே, “நாங்கள் படிக்காத ஜென்மம், இதைத்தான் பார்ப்போம்” என்று சொல்லித் தம்மைத் தாமே தாழ்த்திக்கொள்வதும் உண்டு.

எல்லோரும் ஒப்புக்கொள்வதாலேயே ஒரு கூற்று உண்மையாகிவிடுமா? ஆகாது. அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்தக் கூற்றுக்குள் இரண்டு செய்திகள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, பெண்களின் படிப்புக்கும் அவர்கள் தொலைக்காட்சி பார்க்கும் வழக்கத்துக்கும் தொடர்பு உண்டு என்பது. இரண்டாவது, படிப்பு ரசனையை உயர்த்துகிறது, படிப்பின்மை ரசனையைக் கெடுக்கிறது, அதுதான் காரணம் என்பது. முதற் செய்தி உண்மை. உலகின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்கின்றன. இரண்டாவது செய்தியைத்தான் நாம் சந்தேகிக்க வேண்டும். தென்னை மரத்தில் தேள் கொட்டினால் பனை மரத்தில் நெறி கட்டாது. நெறி எங்கே கட்டியிருக்கிறது, தேள் எங்கே கொட்டியது என்று தேடிப் பார்ப்போம்.

ஒரே காரணம், இரண்டு விளைவா?

முதலில் ஒரு விந்தையைக் கவனியுங்கள். அமெரிக்காவில் மக்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறார்கள். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள் அங்கே அதிக நேரம் தொலைக்காட்சி பார்க்கிறார்கள். பட்டதாரிகள் குறைவாகப் பார்க்கிறார்கள். இந்தியாவிலும் தேசியக் குடும்பநல ஆய்வு என்ற பெயரில் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடைபெறுகிறது. 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களிடம், “வாரத்துக்கு ஒரு முறையாவது தொலைக்காட்சி பார்க்கிறீர்களா?” என்று அதில் கேட்கிறார்கள். இங்கே விடை தலைகீழாக வருகிறது. பள்ளிக்கே போகாத பெண்களைவிடப் பள்ளியில் படித்த பெண்களே கூடுதலாகத் தொலைக்காட்சி பார்ப்பவர்கள்.

படிப்பு என்பது ரசனையை மாற்றும் மருந்து என்றால், அது அமெரிக்காவில் ஒரு விதமாகவும் இந்தியாவில் வேறு விதமாகவும் வேலை செய்யுமா? ஒரே உப்பு ஓர் ஊரில் கரித்து மற்றோர் ஊரில் இனிக்காது. எனவே, படிப்பு நேரடியாக வேலை செய்யவில்லை, அதனோடு ஒட்டிக்கொண்டு வரும் வேறு சிலவே வேலை செய்கின்றன என்று நாம் ஊகிக்கலாம். அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுப்போம்.

முதற் காரணம்: பெட்டி யாரிடம் இருந்தது?

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15-ல் டில்லியில் தொடங்கியது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் வந்தது. அதன் ஒளிபரப்பு சென்னையையும் சுற்றுப்புறத்தையும் தாண்டவில்லை. அங்கிருந்து சுமார் 500 கிலோமீட்டர் தெற்கே, வத்திராயிருப்பை அடுத்து மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது மகாராஜபுரம். அன்று அந்த ஊரில் ஒருவர் எவ்வளவு படித்திருந்தாலும், எவ்வளவு பணம் வைத்திருந்தாலும், சென்னை நிலையத்தின் படம் அவருக்குத் தெரிந்திராது. அலை எட்டாத இடத்தில் ரசனையைப் பற்றி என்ன பேச்சு?

1983-ல் இன்சாட்-1பி செயற்கைக்கோள் ஏவப்பட்டது. 1984-ல் ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு ஒரு ஒளிபரப்பு நிலையம் என்ற வேகத்தில் நாடெங்கும் நிலையங்கள் எழுந்தன. கொடைக்கானல் மலைமேல் அமைந்த நிலையம் தென்மாவட்டங்களுக்குப் படத்தைக் கொண்டுவந்தது. அலை வந்த பிறகும் பெட்டி வேண்டுமே! பெட்டி வாங்கப் பணம் வேண்டும், வீட்டில் மின்சாரம் வேண்டும். அந்தக் காலத்தில் அவை இருந்த வீடுகளில்தான் பெண்களும் பெரும்பாலும் படித்திருந்தார்கள். அதாவது, படித்த பெண் அதிகம் பார்த்ததற்குக் காரணம் அவர் படிப்பு அல்ல. படிப்பையும் பெட்டியையும் சேர்த்து வாங்கிய வசதி.

இதைச் சோதிக்க ஒரு நல்ல வழி உண்டு. எல்லா வீட்டுக்கும் ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டு, பிறகும் வேறுபாடு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அது. எந்த ஆராய்ச்சிச் சாலையாலும் முடியாத இந்தப் பரிசோதனையைத் தமிழ்நாடு செய்தது. 2006 செப்டம்பர் 15-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தின்படி, 2011-க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் வழங்கப்பட்டன. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்திய வீடுகளில் 47 சதவிகிதத்தில் தொலைக்காட்சி இருந்தது. தமிழ்நாட்டில் 87 சதவிகிதத்தில் இருந்தது. பத்தாண்டுக்கு முன் இங்கே ஐந்தில் இரண்டு வீடுகளில்தான் பெட்டி இருந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

இதனால், ‘பெட்டி இருக்கிறதா?’ என்ற கேள்வி தமிழ்நாட்டில் ஏறத்தாழத் தீர்ந்துபோனது. குடிசை வீட்டிலும் மாடி வீட்டிலும் பெட்டி இருக்கிறது. இனி இங்கே படித்தவருக்கும் படிக்காதவருக்கும் பார்ப்பதில் வேறுபாடு தெரிந்தால், அதற்குக் காரணத்தைப் பெட்டிக்கு வெளியேதான் தேட வேண்டும்.

இரண்டாம் காரணம்: எந்த நேரம் ஓய்வு?

மகாராஜபுரத்தில் ஒரு வீட்டை நாமே கற்பனை செய்துகொள்வோம். வீடு ஒன்று, பெட்டியும் ஒன்று. அந்த வீட்டில் இரண்டு பெண்கள். மதினி எட்டாம் வகுப்போடு நின்றவர். வயல் வேலைக்குப் போகிறவர். நாத்தனார் பட்டதாரி, தினமும் பஸ் ஏறி இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை அலுவலகத்துக்குப் போய் வருகிறவர். வசதி இருவருக்கும் ஒன்றுதான். படிப்பு மட்டுமே வேறு. ஆராய்ச்சிக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்குமா?

மதினி விடியுமுன் எழுந்து சமைத்து, களையெடுப்புக்கோ நடவுக்கோ போய், பிற்பகல் இரண்டு மூன்று மணிக்குத் திரும்புகிறார். சாப்பிட்டுவிட்டுச் சற்றே காலை நீட்டும் நேரம் அதுதான். மாலையில் மறுபடி அடுப்பு, தண்ணீர், பிள்ளைகள். நாத்தனார் வீடு திரும்ப இரவு ஏழு மணி ஆகும். இப்போது சொல்லுங்கள்: பிற்பகல் மூன்று மணிக்குப் பெட்டியைத் திறந்தால் பெண்களுக்கென்று அதில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் சீரியல், இல்லையென்றால் பழைய சீரியலின் மறு ஒளிபரப்பு. மதினி பார்ப்பது அவர் ரசனையின் தேர்வா, அந்த நேரத்தில் அவர் முன் வைக்கப்பட்டதா? சாப்பாட்டுக் கடையில் ஒரே பலகாரம்தான் இருக்கிறது என்றால், அதைச் சாப்பிட்டவரை ‘இவருக்கு இதுதான் பிடிக்கும்’ என்று சொல்வது நியாயமா?

நேரத்தின் கணக்கை இன்னும் சற்று ஆழமாகப் பார்ப்போம். 2019-ல் இந்தியா முழுவதும் நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்று நடந்தது. சம்பளமில்லா வீட்டு வேலையில் அன்றாடம் ஈடுபட்ட பெண்கள் நூற்றுக்கு 81 பேர். அவர்கள் அதில் செலவிட்டது சராசரியாக நாளொன்றுக்கு 299 நிமிடம். ஆண்களில் அவ்வேலையில் ஈடுபட்டவர்களே நூற்றுக்கு 26 பேர். அவர்கள் செலவிட்டதும் 97 நிமிடம்தான். ஐந்து மணி நேர வீட்டு வேலைக்கு நடுவே ஒரு பெண் எப்படித் தொலைக்காட்சி பார்ப்பார்? வெங்காயம் உரித்துக்கொண்டும், துணி மடித்துக்கொண்டும், பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டும்தான். கண் பாதி, காது பாதி.

அப்படி அரைக் கவனத்தில் பின்தொடர ஏற்றது எது? ஐந்து நிமிடம் எழுந்து போய் வந்தாலும் கதை புரிய வேண்டும். முகத்தைப் பார்க்காவிட்டாலும் குரலைக் கேட்டே யார் பேசுவது என்று தெரிய வேண்டும். நேற்று நடந்ததை இன்று மறுபடி சொல்ல வேண்டும். சீரியலின் இலக்கணமே இதுதான். ‘ஒரே விஷயத்தை இழுக்கிறார்கள்’ என்று நாம் குறை சொல்கிறோமே, அந்த இழுப்பு அடுப்படியில் நிற்பவருக்கு வசதி. முழுக் கவனம் கேட்கும் நிகழ்ச்சி, முழுதாக உட்கார நேரம் உள்ளவருக்கே பயன்படும். படித்துச் சம்பளத்துக்குப் போகும் பெண்ணுக்கும் வீட்டு வேலை ஓய்வதில்லை. ஆனால் மிக்ஸி, கேஸ் அடுப்பு, வேலைக்கு ஆள் என்று ஏதேனும் ஓர் உதவி கிடைத்தால், அவருக்கு அரைமணியாவது முழு நேரமாகக் கிடைக்கும்.

மூன்றாம் காரணம்: பெட்டி பேசும் மொழி

பள்ளிக்கூடம் நமக்கு ஒரு விசேஷமான மொழியைக் கற்றுத் தருகிறது. எழுத்து மட்டுமல்ல, சதவிகிதம், வரைபடம், நில வரைபடம், ‘பணவீக்கம்’, ‘காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்’ போன்ற கலைச்சொற்கள் எல்லாம் சேர்ந்ததே அந்த மொழி. செய்தி நிகழ்ச்சி இந்த மொழியில்தான் பேசுகிறது. திரையின் அடியில் எழுத்துக்கள் ஓடுகின்றன. வாசிப்பவர் எழுத்து நடையில் வேகமாக வாசிக்கிறார். ஐந்தாம் வகுப்போடு நின்ற ஒருவருக்கு, தாய்மொழியில் வரும் செய்தியே பாதி அயல்மொழியாகிவிடுகிறது. சீரியலோ வீட்டில் பேசுகிற தமிழில், அண்ணன், மாமியார், கொழுந்தனார் என்ற உறவுகளின் மொழியில் பேசுகிறது. அதைப் புரிந்துகொள்ள எந்தச் சான்றிதழும் தேவையில்லை.

இதற்கு நம் தமிழ்நாட்டு வரலாற்றிலேயே ஒரு சாட்சி உண்டு. 1982 ஆகஸ்ட் 15 முதல் இரவில் தேசிய நிகழ்ச்சி என்று டில்லியிலிருந்து இந்தியும் ஆங்கிலமும் வந்தன. 1984 ஜூலையில் தொடங்கி 156 பகுதிகள் ஓடிய ‘ஹம் லோக்’ தொடர் வட இந்தியாவில் வீட்டுக்கு வீடு பேச்சாக இருந்தது. இந்தி அறியாத தமிழ்நாட்டு வீட்டில், கல்லூரிக்குப் போனவரும் கைநாட்டு வைத்தவரும் அந்தத் தொடர் முன் சமமாகவே திகைத்தார்கள். ஏனெனில் நம் அரசுப் பள்ளிகளில் இந்தி இல்லை. ஆங்கிலச் செய்தி வந்தபோதோ படித்தவர் உட்கார்ந்தார். படிக்காதவர் எழுந்து போனார். ‘படிப்பு’ என்ற பெயரில் இங்கே வேலை செய்தது மொழிப் பழக்கமே என்பது தெளிவாகிறது அல்லவா?

நான்காம் காரணம்: வேறு ஜன்னல் உண்டா?

இந்தக் கேள்வி தொலைக்காட்சியைவிட வயதில் மூத்தது. 1940-களில் அமெரிக்க வானொலியில் பகல்நேரத் தொடர் நாடகங்கள் ஓடின. சோப்புக் கம்பெனிகள் விளம்பரம் கொடுத்ததால் ‘சோப்பு நாடகம்’ என்றே அவற்றுக்குப் பெயர். இவற்றைக் கேட்கும் பெண்களை ஹெர்த்தா ஹெர்சோக் என்ற ஆராய்ச்சியாளர் நேரில் கண்டு விசாரித்தார்; 1944-ல் முடிவுகளை வெளியிட்டார். அழுது மனப்பாரம் இறக்க, ஆசையைக் கனவாகக் காண, வாழ்க்கைக்கு யோசனை பெற என்று மூன்று காரணங்களை அந்தப் பெண்கள் சொன்னார்கள். நாம் கவனிக்க வேண்டியது மூன்றாவதை. நாடகம் தங்கள் வாழ்க்கைக்கு உதவுகிறது என்று கூறியவர்களில் படிப்புக் குறைந்த பெண்களின் பங்கே கூடுதலாக இருந்தது. காரணம் எளிது. படித்த பெண்ணுக்கு யோசனை சொல்லப் புத்தகம் உண்டு, பத்திரிகை உண்டு, உடன் படித்த தோழி உண்டு. மற்றவருக்கு வானொலிப் பெட்டியே தோழி.

பிரேசில் நாட்டிலும் இதே உண்மை வேறு உருவில் வெளிப்பட்டது. அங்கே ‘ரெடே குளோபோ’ என்ற நிறுவனத்தின் தொடர்கள் ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வோர் ஆண்டில் எட்டின. அந்தத் தொடர்களில் வரும் குடும்பங்கள் மிகச் சிறியவை. ஒளிபரப்பு எட்டிய பகுதிகளில் பிறப்பு விகிதம் குறைந்தது என்று 2012-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்தக் குறைவு ஏழைப் பெண்களிடம்தான் அதிகம். வசதியுள்ளவர்களுக்கு அந்தச் செய்தி வேறு வழிகளில் முன்பே வந்துவிட்டது.

ஆக, படிப்பு என்ன செய்கிறது? வீட்டுச் சுவரில் ஜன்னல்களின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. பத்து ஜன்னல் உள்ள வீட்டில் ஒரு ஜன்னலின் முன் குறைவாக நிற்பார்கள். ஒரே ஜன்னல் உள்ள வீட்டில் அங்கேயே நிற்பார்கள். நிற்பவரைப் பழிக்காமல் மற்ற ஜன்னல்கள் ஏன் அடைபட்டிருக்கின்றன என்று கேட்பதே முறை.

சொல்வது ஒன்று, பார்ப்பது ஒன்று

இங்கே ஆய்வு முறையைப் பற்றியும் சிறிது விசாரிக்க வேண்டும். ‘படித்தவர் செய்தி பார்க்கிறார்’ என்பது நமக்கு எப்படித் தெரியும்? பெரும்பாலும் அவர் சொன்னதால்தான்! அமெரிக்காவில் இராபர்ட் பவர் என்பவர் 1973-ல் வெளியிட்ட நூலில் இதைச் சோதித்திருந்தார். மக்கள் தொலைக்காட்சியைப் பற்றிச் சொன்ன கருத்துக்களை ஒருபுறமும், அவர்கள் உண்மையில் பார்த்தவற்றின் நாட்குறிப்பை மறுபுறமும் வைத்து ஒப்பிட்டார். அறிவூட்டும் நிகழ்ச்சி வேண்டும் என்று அதிகம் கேட்டவர்கள் படித்தவர்கள். பார்த்ததில் அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் பெரிய வேறுபாடில்லை. கேளிக்கை, விளையாட்டு, செய்தி என்ற விகிதம் ஏறத்தாழ ஒன்றே. பார்த்த மொத்த நேரம் மட்டும் சற்றுக் குறைவு. படிப்பு நமக்குக் கற்றுத்தரும் பாடங்களில் ஒன்று, எந்தக் கேள்விக்கு எந்த விடை மரியாதைக்குரியது என்பது.

இந்தியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. விளம்பரக் கம்பெனிகளும் தொலைக்காட்சி நிறுவனங்களும் பார்வையாளர்களைத் தரம் பிரிக்க 2011 முதல் ஒரு முறையைக் கையாண்டன. அதன்படி ஒரு வீட்டின் தரத்தை இரண்டு விஷயங்கள் முடிவுசெய்யும். வீட்டில் மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, வண்ணத் தொலைக்காட்சி முதலான 11 வகை உடைமைகளில் எத்தனை இருக்கின்றன என்பது ஒன்று. குடும்பத்தில் அதிகம் சம்பாதிப்பவரின் படிப்பு மற்றொன்று. அந்தச் சம்பாதிப்பவர் பெரும்பாலும் ஆண். ஆகவே, பெண்கள் என்ன பார்க்கிறார்கள் என்று அளந்த கணக்கில், அந்தப் பெண்ணின் கல்வி இடம்பெறவே இல்லை! நம் மகாராஜபுரம் வீட்டின் மதினியும் நாத்தனாரும் அந்தக் கணக்கில் ஒரே தரம். வீட்டில் மிக அதிகம் படித்த பெண்ணின் கல்வியையும் சேர்த்துக்கொள்ளும் புதிய முறை அண்மையில்தான் முன்வைக்கப்பட்டுள்ளது. அளவுகோலே கோணலாக இருந்தால் அளந்தது எப்படி நேராகும்?

பெட்டியே பள்ளியான கதை

இதுவரை படிப்பு பார்ப்பதை எப்படி மாற்றுகிறது என்று பார்த்தோம். இனி அம்பைத் திருப்பிவைப்போம். பார்ப்பது படிப்பின் குறையை ஈடுசெய்யுமா?

1970-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிக்கனர், டோனஹியூ, ஓலியன் என்ற மூவர் ‘அறிவு இடைவெளி’ என்ற கருத்தை வெளியிட்டார்கள். ஒரு சமூகத்தில் செய்தி பெருகப் பெருக, படித்தவர்கள் அதை விரைந்து பற்றிக்கொள்கிறார்கள், படிக்காதவர்கள் பின்தங்குகிறார்கள், இடைவெளி குறையாமல் கூடுகிறது என்பது அதன் சாரம். கவலை தரும் கருத்துத்தான். ஆனால் அவர்களே, பத்திரிகையைப் போலன்றித் தொலைக்காட்சி இந்த இடைவெளியைக் குறைக்கவும் கூடும் என்று குறிப்பிட்டார்கள்.

அந்த ஊகத்தை இந்தியா சோதித்தது. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, ஏ.டி.எஸ்.-6 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளின் உதவியால் ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குக் கல்வி ஒளிபரப்பு நடந்தது. காலையில் பள்ளிச் சிறுவர்க்கு. மாலையில் பெரியவர்க்கு விவசாயம், சுகாதாரம், குடும்பநலம். கம்பி வலையால் செய்த குடை போன்ற ஆண்டெனா, ஊர்ப் பொது இடத்தில் ஒரு பெட்டி, அதைச் சுற்றி மக்கள். முடிவில் ஆராய்ச்சியாளர்கள் கண்டது என்ன? சுகாதாரம் போன்ற சில துறைகளில் பெண்களும் எழுத்தறிவில்லாதவர்களும் மற்றவர்களைவிட அதிக முன்னேற்றம் காட்டினார்கள். ‘படிக்காத பெண்ணுக்கு நல்லது சொன்னால் ஏறாது’ என்று சொல்பவர்களுக்கு இது தக்க பதில். சொல்லும் விதத்தில் சொன்னால் ஏறுகிறது.

கேபிள் தொலைக்காட்சி வந்த பிறகு மற்றோர் ஆய்வு நடந்தது. 2001 முதல் 2003 வரை தமிழ்நாடு, பீகார், கோவா, அரியானா மாநிலங்களின் கிராமங்களில் பெண்களைத் திரும்பத் திரும்பச் சந்தித்து, ஊருக்குக் கேபிள் வருமுன்பும் வந்தபின்பும் அவர்கள் கருத்துக்களை ஒப்பிட்டார்கள். இராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற பொருளியல் அறிஞர்கள் அதை 2009-ல் வெளியிட்டார்கள். கேபிள் வந்த ஊர்களில் கணவன் மனைவியை அடிப்பது சரி என்று சொல்வது குறைந்தது. ஆண் குழந்தைதான் வேண்டும் என்பதும் குறைந்தது. சில விஷயங்களில் இந்த மாற்றம் ஏறத்தாழ ஐந்தாண்டுப் பள்ளிப் படிப்பு தரும் மாற்றத்துக்குச் சமம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

இதைப் படித்தவுடன் ‘சீரியலே பள்ளிக்கூடம்’ என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். மாறியது பெண்கள் சொன்ன விடை. வீட்டுக்குள் அடி குறைந்ததா என்பது வேறு கேள்வி. நகரத்தார் எதைச் சரி என்று சொல்வார்கள் என்பதைப் பெட்டியிலிருந்து கற்றுக்கொண்டு, அதையே ஆய்வாளரிடம் ஒப்பித்திருக்கவும் கூடும். மேலும், நாடகம் சொல்ல நினைத்ததும் பார்ப்பவர் எடுத்துக்கொண்டதும் ஒன்றாக இருப்பதில்லை. ‘ஹம் லோக்’ தொடரில் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு துன்புறும் தாயைப் படைத்தவர்கள், ‘இப்படி இருக்காதீர்கள்’ என்று காட்டவே படைத்தார்கள். பார்த்த பெண்களில் பலர் அந்தத் தாயைத்தான் உத்தமி என்று கொண்டாடினார்கள். ஐந்தாண்டுப் பள்ளி, படிக்கவும் கணக்குப் போடவும் விண்ணப்பம் எழுதவும் கற்றுத்தருகிறது. அந்த வேலையைச் சீரியல் செய்யாது.

பெட்டி கொடுத்தோம், பிறகு?

இப்போது நம் விமரிசனத்தின் மையத்துக்கு வந்துவிட்டோம். எழுத்தறிவு பெற்ற தமிழ்நாட்டுப் பெண்கள் 1991-ல் 51 சதவிகிதம். 2011-ல் 73 சதவிகிதம். மகிழ்ச்சியான வளர்ச்சிதான். ஆனால் 2011-ல் கூட நான்கில் ஒரு பெண்ணுக்கு எழுத்து இல்லை. 87 சதவிகித வீடுகளில் பெட்டி இருந்தது. எழுத்து எட்டாத பல வீடுகளைப் பெட்டி எட்டிவிட்டது என்பதுதானே இதன் பொருள்? 1975-ல் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரே பெட்டி கொடுத்தார்கள். கூடவே, அதில் யாருக்கு என்ன சொல்வது என்று திட்டமும் போட்டார்கள். 2006-ல் வீட்டுக்கு வீடு பெட்டி கொடுத்தோம். அதில் என்ன ஓட வேண்டும் என்ற திட்டம் அதனோடு வரவில்லை. அந்த இடத்தை விளம்பரம் நிரப்பியது. பெண்கள் பார்ப்பதைக் குறைசொல்லும் நாம், பெண்களுக்குக் காட்டப்படுவதைப் பற்றி இதில் பாதியாவது பேசுகிறோமா?

செய்யக்கூடியவை இல்லாமல் இல்லை. அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தைச் சேர்ந்த பிரிஜ் கோத்தாரி 1996-ல் ஓர் எளிய யோசனையை முன்வைத்தார். திரைப்படப் பாடல் ஓடும்போது, பாடும் அதே மொழியில், அதே சொற்களைத் திரையின் அடியில் எழுத்தாகக் காட்டுவது! பாட்டு எல்லோருக்கும் மனப்பாடம். காது கேட்கும் சொல்லைக் கண் தேடிப் பிடிக்கும். அரைகுறையாய் எழுத்துக் கூட்டுபவர், தம்மை அறியாமலே வாசிக்கப் பழகுவார். 1999-ல் குஜராத்திப் பாடல் நிகழ்ச்சியில் தொடங்கி, பிறகு தேசிய ஒளிபரப்பின் ‘சித்ரஹார்’ நிகழ்ச்சிக்கும் இது பரவியது. நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டு, முப்பது ஆண்டாய் எழுத்தைத் தொடாமல் மறந்துபோன பெண்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்? அவர்களுக்குத் தனிப் பள்ளிக்கூடம் வேண்டாம், கூடுதல் நேரம் வேண்டாம். தமிழ்ப் பாடலுக்கு அடியில் ஒரு வரித் தமிழ் எழுத்து போதும் தொடங்குவதற்கு.

2019-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும் நினைவுக்கு வர வேண்டும். 2020-ல் கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, கைப்பேசியில் பாடம் கேட்க வசதியில்லாத வீடுகளுக்கு அந்தப் பழைய பெட்டி வழியாகவே பாடம் வந்தது. பிள்ளைகளுக்கு முடிந்தது தாய்மாருக்கு முடியாதா? பிற்பகல் மூன்று மணிக்கு, வயல் வேலை முடிந்து வந்தவருக்கு, வீட்டுத் தமிழில், கதையாக, கூலிக் கணக்கும் ஊட்டச்சத்தும் வங்கிப் படிவமும் சொல்லும் அரைமணி நேரம் ஏன் இருக்கக் கூடாது?

நீங்களே சோதித்துப் பாருங்கள்

மாணவ நண்பர்களே! இந்தக் கட்டுரையை அப்படியே நம்ப வேண்டாம். உங்கள் தெருவில் 20 வீடுகளைத் தேர்ந்தெடுங்கள். அனுமதி கேட்டு, பெயர் எழுதாமல், ஒவ்வொரு பெண்ணிடமும் தனியாகப் பேசுங்கள். எத்தனை வகுப்புப் படித்தார்? ‘வழக்கமாக என்ன பார்ப்பீர்கள்?’ என்று கேட்காமல், ‘நேற்று எந்த நேரத்தில் என்ன பார்த்தீர்கள்? அப்போது கையில் என்ன வேலை இருந்தது?’ என்று கேளுங்கள். முன்னதற்கு மரியாதையான விடை வரும். பின்னதற்கு உண்மையான விடை வரும். ரிமோட் யார் கையில் இருந்தது, வீட்டில் பத்திரிகை வருகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு அட்டவணை போடுங்கள். முதலில் படிப்பை மட்டும் வைத்துப் பிரித்துப் பாருங்கள், வேறுபாடு தெரியும். அடுத்து, ஒரே நேரத்தில் ஓய்வு கிடைக்கும் பெண்களை மட்டும் எடுத்து மறுபடி பிரியுங்கள். படிப்புத்தான் ரசனையை ஆள்கிறது என்றால், வேறுபாடு அப்படியே இருக்க வேண்டும். நேரமும் மொழியும் வேறு ஜன்னல்களும்தான் காரணம் என்றால், அது சுருங்கிவிடும். 20 வீடு சிறிய எண்ணிக்கைதான். நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்தால் நூறு வீடு ஆகிவிடும். மகாராஜபுரமானாலும் மதுரையானாலும் முறை ஒன்றே.

முதல் வீடாக உங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளலாம். அம்மாவிடம் கேளுங்கள். கேட்டு முடித்ததும், “வேறு என்ன பார்க்க ஆசைப்படுகிறீர்கள்?” என்று இன்னொரு கேள்வியும் போடுங்கள். அந்த விடைக்கென்று அட்டவணையில் ஒரு பத்தியை அகலமாக விட்டுவையுங்கள்.